ஜெரண்டும் இன்ஃபினிட்டிவும்: ஒரு தேர்வின் வரலாறு

ஆங்கிலத்தில் ஒரு வினையைத் தொடர்ந்து இன்னொரு வினை வரும்போது, பின்வரும் வினை பெரும்பாலும் இரண்டு வடிவங்களுள் ஒன்றைப் பெறுகிறது. 'டு' என்னும் சொல்லை முன்னே கொண்டு வருவது இன்ஃபினிட்டிவ். 'இங்' என்னும் விகுதியைப் பெற்றுப் பெயர்போல நிற்பது ஜெரண்ட். 'வான்ட்' என்னும் வினைக்குப் பின் 'டு ரீட்' வரும். 'என்ஜாய்' என்னும் வினைக்குப் பின் 'ரீடிங்' வரும். மாற்றி எழுதினால் பிழை. எந்த வினை எதனை ஏற்கும் என்பதை மாணவர்கள் பட்டியலாக மனப்பாடம் செய்கின்றனர். அந்தப் பட்டியல் எவரும் ஒரே நாளில் வகுத்ததன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இரு வடிவங்களுக்கும் இடையே எல்லை நகர்ந்து நகர்ந்து அமைந்தது.

பெயர்கள்

இரண்டு பெயர்களும் லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்தவை. இன்ஃபினிட்டிவ் என்றால் வரம்புபடாதது, அதாவது இடம், எண் ஆகியவற்றைக் காட்டாதது என்று பொருள். ஜெரண்ட் என்பது 'செய்தல், நடத்துதல்' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. தமிழில் ஜெரண்டுக்கு நெருக்கமானது தொழிற்பெயர்; இன்ஃபினிட்டிவுக்கு நெருக்கமானது 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம்.

'டு' வந்த வழி

பழைய ஆங்கிலத்தில் 'பாட' என்பதற்குரிய சொல் 'சிங்கன்'. இறுதியில் உள்ள 'அன்' விகுதியே அது இன்ஃபினிட்டிவ் என்பதைக் காட்டியது, 'டு' தேவைப்படவில்லை. இதனுடன் இன்னொரு வடிவமும் இருந்தது. நோக்கத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'டோ சிங்கன்னே' என்றனர். இதில் 'டோ' என்பது 'நோக்கி' என்னும் பொருள் தரும் முன்னிடைச்சொல். அதன்பின் வந்த சொல் நமது நான்காம் வேற்றுமை போன்ற உருபை ஏற்றிருந்தது. ஆகவே இதன் பொருள் ஏறத்தாழ 'பாடுவதற்கு' என்பதாகும்.

பின்னர் 12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையான நடுக்கால ஆங்கிலத்தில் சொல்லிறுதி விகுதிகள் தேய்ந்தன. 'சிங்கன்' என்பது 'சிங்கென்' ஆகி, கடைசியில் வெறும் 'சிங்' ஆயிற்று. விகுதி போனபின் இன்ஃபினிட்டிவை அடையாளம் காட்ட வேறு ஒன்று தேவைப்பட்டது. அந்த வேலையை 'டு' எடுத்துக்கொண்டது. காலப்போக்கில் அதன் 'நோக்கி' என்னும் பொருள் பல இடங்களில் மங்கியது. அதனால் நோக்கத்தை அழுத்திச் சொல்ல 'ஃபார் டு' என்று இரட்டித்து எழுதும் வழக்கமும் எழுந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் எழுத்தில் இதனைப் பரவலாகக் காணலாம்.

'கேன்', 'மே', 'ஷல்', 'வில்', 'மஸ்ட்' போன்றவற்றின் பின் இன்றும் 'டு' வருவதில்லை. 'டு' இல்லாத பழைய வழக்கு அங்கே நிலைத்துவிட்டது.

'இங்' விகுதியின் இரு மூலங்கள்

இன்றைய 'இங்' வடிவத்தில் பழைய ஆங்கிலத்தின் இரு வேறு விகுதிகள் கலந்துள்ளன. முதலாவது, வினையிலிருந்து பெயரை உண்டாக்கிய 'உங்' அல்லது 'இங்'. 'லியோர்னுங்' என்றால் கற்றல். இது முழுப் பெயர்ச்சொல். இரண்டாவது, 'பாடுகின்ற' என்பதுபோல் எச்சப்பொருள் தந்த 'எண்டே'. 'சிங்கெண்டே' என்றால் பாடுகின்ற. நடுக்கால ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது விகுதியும் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் 'இங்' என்றே மாறிவிட்டது. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேறுபாடு மேலும் சில காலம் நீடித்தது.

இந்தக் காலத்தில்தான் 'இங்' பெயர்ச்சொல் வினையின் குணங்களையும் பெறத் தொடங்கியது. முன்பு 'புத்தகத்தின் வாசிப்பு' என்பதுபோல் 'ஆஃப்' சேர்த்தே சொல்ல முடிந்தது. 14ஆம் நூற்றாண்டு அளவிலிருந்து 'புத்தகத்தை வாசித்தல்' என்பதுபோல் நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும் வழக்கு வளர்ந்தது. பெயராகவும் வினையாகவும் ஒருங்கே நிற்கும் இன்றைய ஜெரண்ட் இவ்வாறு உருவானது. 'டு' தானே முன்னிடைச்சொல்லாக இருந்ததால், 'ஆஃப்', 'இன்', 'வித்தவுட்' போன்ற பிற முன்னிடைச்சொற்களுக்குப் பின் வரும் இடம் ஜெரண்டுக்கு உரியதாயிற்று.

இலக்கண நூலாசிரியர்கள்

18ஆம் நூற்றாண்டிலும் இரு பாணிகளும் கலந்தே எழுதப்பட்டன. முன்னே 'தி' சேர்த்துவிட்டுப் பின்னே 'ஆஃப்' விடுவதும், 'தி' இல்லாமல் 'ஆஃப்' சேர்ப்பதும் வழக்கில் இருந்தன. பிற்காலத்தில் லண்டன் பேராயரான ராபர்ட் லவுத், 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் இதற்கு வரையறை செய்தார். இரண்டும் சேர்ந்து வர வேண்டும், அல்லது இரண்டும் வரக்கூடாது என்பது அவர் விதி. 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் லவுத்தைப் பின்பற்றிப் பள்ளிகளில் பெரிதும் பரவியது.

ஆயினும் வழக்கு நிற்கவில்லை. 18, 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் 'அகஸ்டம்ட் டு' என்பதன் பின் 'டூ' என்னும் வெறும் வினையைத் தாராளமாக எழுதினர். இன்றைய வழக்கு 'டூயிங்'. 'பார்த்ததாக நினைவிருக்கிறது' என்பதற்கு 'ரிமெம்பர் டு ஹாவ் சீன்' என்பது அன்று நல்ல நடை. இன்று 'ரிமெம்பர் சீயிங்' என்பதே இயல்பு. இன்றைய மாணவனின் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் சில தொடர்கள், ஒரு காலத்தில் அறிஞர் எழுதிய நல்ல ஆங்கிலமே.

வகுப்பறைக்கு வந்த பட்டியல்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குப் பட்டியல் தேவையில்லை, பிறருக்கே தேவை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பை ஏற்கும் என்று வகைப்படுத்தி 1942இல் டோக்கியோவில் ஓர் அகராதி வெளியிட்டார். அதுவே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி உலகெங்கும் சென்றது.

இந்தியப் பள்ளிகளில் 1930களிலிருந்து புழங்கிவரும் ரென், மார்ட்டின் இலக்கணமோ, ஜெரண்டுக்கும் இன்ஃபினிட்டிவுக்கும் பயன் ஒன்றே என்றும், பல வாக்கியங்களில் பொருள் வேறுபாடின்றி எதனையும் எழுதலாம் என்றும் கூறியது. சில இடங்களுக்கு இது பொருந்தும். 'பிகின்', 'ஸ்டார்ட்' ஆகியவற்றின் பின் இரண்டும் வரலாம். ஆனால் இதனையே பொதுவிதியாகக் கொண்டவர் 'என்ஜாய்' என்பதன் பின் 'டு' போட்டுத் தேர்வில் மதிப்பெண் இழக்க நேரும்.

பொருள் வேறுபாடு

ராண்டால்ஃப் குவர்க்கும் உடன் ஆசிரியர் மூவரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம் இத்தேர்வுக்குப் பொருள் அடிப்படையில் விளக்கம் தந்தது. இன்ஃபினிட்டிவ் நிகழக்கூடியதைக் காட்டும். 'இங்' வடிவம் நிகழ்வதை அல்லது நிகழ்ந்ததைக் காட்டும் என்பது அதன் சாரம். பழைய வரலாற்றோடு இது பொருந்துகிறது. இனிச் செய்ய வேண்டியதை நோக்கிச் செல்வது 'டு'. செயலையே ஒரு பொருளாகப் பெயரிடுவது 'இங்'.

தமிழிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 'கதவைப் பூட்ட மறந்தான்' என்றால் கதவு திறந்து கிடக்கிறது. 'கதவைப் பூட்டியதை மறந்தான்' என்றால் கதவு பூட்டியே இருக்கிறது. முன்னது 'ஃபர்காட் டு லாக்'. பின்னது 'ஃபர்காட் லாக்கிங்'. அவ்வாறே 'ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை விட்டான். 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றான். மருத்துவரிடம் சொல்லும்போது இரண்டையும் மாற்றிச் சொன்னால் விபரீதமாகும்.

இந்த விளக்கம் எல்லா இடத்துக்கும் போதாது. 'சஜஸ்ட்', 'போஸ்ட்போன்' ஆகியவை இனி நடக்க வேண்டியதைக் குறித்தாலும் 'இங்' வடிவத்தையே ஏற்கின்றன. ஆகவே மாணவர் முதலில் பொருளைப் பற்றிக்கொண்டு, அதற்கு அடங்காத வினைகளை மட்டும் தனியே நினைவில் வைப்பது நலம். அப்போது மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் பெரிதும் சுருங்கிவிடும்.