மோட்டார் தகடும் போன் நம்பரும்

நம்ம பக்கம் மோட்டார் வாங்கியவர்களுக்கு அதன் மேல் அடித்திருக்கும் தகடு தெரியும். கம்பெனி பெயர், குதிரைத் திறன், கூடவே ஒரு வரிசை எண். சூலூரில் வாங்கிய மோட்டாரைப் பல்லடத்துக் கிணற்றில் மாட்டினாலும் அந்த எண் மாறாது. கிணறு இருக்கும் காட்டின் சர்வே எண் வேறு. அது இடத்துக்கு உரியது. கம்ப்யூட்டரிலும் இப்படி இரண்டு எண்கள் உண்டு. இடத்துக்கு உரியது ஐபி முகவரி. கருவிக்கு உரியது மேக் முகவரி.

1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஒரே கேபிளில் பல கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். அந்தக் கேபிளில் போகும் செய்தி எல்லார் காதிலும் விழும். ஆகவே யாருக்கு என்று சொல்ல எண் வேண்டும். முதலில் வைத்தது 8 பிட் எண். 256-க்கு மேல் போகாது. 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட விதிமுறையில் அது 48 பிட் ஆனது. முன்பாதி தயாரித்த கம்பெனியைக் குறிக்கும். பின்பாதி அந்தக் கம்பெனி போடும் வரிசை எண். இன்றும் இதே முறைதான்.

மேக் எண் வீட்டு மோடத்தைத் தாண்டிப் போகாது. செல்போனில் இன்னொரு எண் இருக்கிறது: ஐஎம்இஐ, 15 இலக்கம். இது டவர் வழியாகக் கம்பெனி வரை போகும்.

அதன் அருமை நமக்குத் தெரிந்தது 2009-இல். அப்போது விலை மலிந்த சைனா போன்கள் பலவற்றில் இந்த எண் இல்லை, அல்லது வெறும் பூஜ்ஜியங்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டித் தொலைத்தொடர்புத் துறை கெடு வைத்தது. பலமுறை தள்ளிப்போய், நவம்பர் 30 நள்ளிரவோடு அந்தப் போன்களுக்கு இணைப்பு நின்றது. 199 ரூபாய் கட்டி அசல் எண் பதிந்துகொள்ள ஏற்பாடும் இருந்தது. அது பலருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் தறி ஓட்டுபவர் ஒருவர், "காசு குடுத்துத்தானுங்க வாங்குனேன், திருடிட்டா வந்தேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எண் இல்லாத பொருளை விற்றவர்கள் தப்பினார்கள். வாங்கியவர் கையில் செத்த போன்.

இப்போது அதே எண் நமக்கு உதவுகிறது. 2023 மே மாதம் முதல், போன் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்து, நாடு முழுக்க அந்தப் போன் வேலை செய்யாமல் முடக்கலாம். எண்ணைத் திருத்துவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்துங்கள். எண் திரையில் வரும். இரண்டு சிம் போனென்றால் இரண்டு எண்கள். இன்றே ஒரு நோட்டில் எழுதி, பில்லோடு பீரோவில் வையுங்கள். போனுக்குள்ளேயே குறித்து வைத்தால், போனோடு அதுவும் போய்விடும்.