பதிப்பாசிரியர் தகைமை: ஒரு பழைய வழக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. எனினும், பழந்தமிழ் நூலைப் பரிசோதித்தற்கு ஆங்கிலப் பட்டம் தகைமையாகுமா என்னும் வினா எழுதல் இயல்பே. 1868இல் வெளிவந்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரைக்கு அவ்வினாவுக்கு இடமில்லை. அதனைப் பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர். நாவலர் 1879இல் மறைந்தார். அதன்பின் வீரசோழியத்தையும் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் (1885) பிள்ளையவர்கள் தாமே பரிசோதித்து அச்சேற்றினார். கற்றுவல்லோர், பிழைபடின் புகழ் குன்றுமென அஞ்சி ஒதுங்கியிருந்தனர்; ஏடுகளோ செல்லுக்கு இரையாகிக்கொண்டிருந்தன.

பிழையும் நேர்ந்தது, அது சிறு பிழையன்று. பொருளதிகாரம் முழுவதற்கும் உரைகாரர் நச்சினார்க்கினியர் என்றே அப்பதிப்புக் கூறிற்று. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய பின்னான்கியல்களுக்கு அதில் அமைந்த உரை பேராசிரியருடையது என்பதை மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் 'செந்தமிழ்' இதழில் அதன் ஆசிரியர் இரா. இராகவையங்கார் நிறுவினார். ஏட்டுக்கல்வியிலே தோய்ந்த புலவர் அவர். பட்டதாரியின் பிழையைப் புலவர் கண்டார் என்று வழக்கை அங்கேயே முடித்துவிடுவாரும் உளர். ஆயின், அவர் ஆராய்தற்குரிய உரை அச்சில் இருந்தது. அதனை அச்சேற்றியவர், அச்சங்கம் தோன்றிய 1901ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே மறைந்துவிட்டார்.