கடைவீதியும் கடனும்

பதுளைக் கடைவீதியின் வரலாறு, கடைக்காரர் இட்ட முதலின் வரலாறு மட்டுமன்று. அவர்கள் பெற்ற கடனின் வரலாறும் ஆகும்.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமையிலே கோப்பி இலையில் ஒரு நோய் காணப்பட்டது. தோட்டங்கள் அழிந்தன, அவற்றுக்குப் பெருங்கடன் அளித்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. பின்னர்த் தேயிலை தழைத்தது. 1924இல் பதுளைக்குப் புகைவண்டியும் வந்தது.

மலைநாட்டுச் சிறுகடைக்காரர், தொழிலாளருக்குத் துணியும் பலசரக்கும் பற்றெழுதிக் கொடுத்துச் சம்பள நாளில் வசூலித்தனர். அதுவரை கடையை நடத்தப் பணம் தந்தவர் நாட்டுக்கோட்டைச் செட்டியார். செட்டியாருக்கோ கொழும்பிலுள்ள ஆங்கிலேய வங்கிகள் கடனளித்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் வங்கிகள் கையை இறுக்கின, செட்டியாரும் இறுக்கினர். தேயிலை விலை வீழ்ந்து தொழிலாளர் கூலி குறைந்தமையால், பேரேட்டிலிருந்த பற்றும் எளிதில் வசூலாகவில்லை. இருபுறமும் நெருக்குண்டவர் சிறுகடைக்காரரே.

1934இல் வங்கி ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. ஆயினும் வங்கி ஈடு கேட்கும். சிறுகடைக்காரரிடம் இருந்ததோ நாணயம் ஒன்றே. அந்த நாணயத்தை மதித்துக் கடன் கொடுக்க ஒருவர் உள்ளவரையே சிறுவணிகம் வளரும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.