கங்காணியின் கோட்டும் காலிக் கடற்கரையும்

றக்வான நகரிலிருந்து சூரியகந்தை, தெனியாய, அக்குரஸ்ஸ என்று ஏறி இறங்கினால் காலிக் கடல். ஏ-17 வீதி கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே ஹோட்டல் மணலில் பந்தல் போட்டு நடக்கும் கலியாணத்துக்கு அழைப்பு வந்தால், முதலில் எழும் கேள்வி எதை உடுத்துவது என்பதுதான். கோட்டுப் போட்டால் வேர்த்து ஊற்றும். போடாவிட்டால் சபையில் மதிப்புக் குறையுமோ என்று பயம்.

இந்தப் பயம் தோட்டத்தோடு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் றக்வான மலைகளில் கோப்பி நட்டார்கள். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்க்க, தேயிலை வந்தது. தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டி வந்த பெரிய கங்காணிக்கு, காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டில் நிற்கும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு கிடைத்தது. சம்பாதித்தது ஊர் கண்ணில் பட வேண்டாமா? பழைய படங்களில் அவரைப் பாருங்கள்: வெள்ளை வேட்டி, அதன்மேல் கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் குடை. இடுப்புக்குக் கீழே ஊர், மேலே துரை.

லயத்து மாப்பிள்ளைக்கு அந்த வசதி ஏது? தோட்டம் கொடுத்த கம்பளியின் விலையையே சம்பளத்தில் பிடித்தார்கள். வண்ணாருக்கும் நாவிதருக்கும் உரியதையும் அப்படியே கழித்தார்கள். முகூர்த்தத்துக்கு மூலையில் மஞ்சள் தொட்டு வைத்த புது வேட்டி, சட்டை, தோளில் துண்டு, அவ்வளவுதான். வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான உடுப்பு இல்லை. ஆனால் அன்று அதை இல்லாதவன் உடுப்பாகவே பார்த்தார்கள்.

தமிழர் மட்டும் இப்படி இல்லை. கரையோரத்துச் சிங்கள முதலியார் புழுக்கத்திலும் பொத்தான் பூட்டிய தடித்த கோட்டோடுதான் சபைக்கு வந்தார். சபரகமுவைப் பிரபுக்களின் நிலமே உடுப்போ பல முழத் துணியை இடுப்பில் சுற்றி, மேலே வெல்வெட் சட்டை, தலையில் நாலு மூலைத் தொப்பி. இன்றும் இரத்தினபுரிப் பக்கத்துச் சிங்கள மாப்பிள்ளை அதை மாட்டிக்கொண்டு காரில் ஏற இருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கோட்டு ஆசையை உரக்கக் கேள்வி கேட்ட ஒருவர், இதே சபரகமுவ மாகாணத்துக் கற்களைத் தட்டிப் பார்த்துத் திரிந்தவர். 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்தில் தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தவர். 1905இல் அவர் வெளியிட்ட சிறு பிரசுரம் ஒன்று, இலங்கையர் ஐரோப்பிய உடையை இரவல் வாங்கி மாட்டிக்கொள்வதைக் கடுமையாகச் சாடியது. 1927 நவம்பரில் காந்தி கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்து மலையகத்திலும் பேசினார். கதர் பேச்சுக்குக் கைதட்டிய பலர் கோட்டைக் கழற்றவில்லை என்றே நினைக்கிறேன்.

கோட்டின் பிடி தளர்ந்தது வேறு வழியில். 1960களில் ஏனா டி சில்வா பத்திக்கை மீண்டும் மதிப்புக்குக் கொண்டுவந்தார். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் உட்கூரையை அலங்கரித்ததும் ஏனாவின் பத்திக் துணிதான். பார்பரா சன்சோனி கைத்தறிக்கு நகரத்து வாடிக்கையாளரைத் தேடிக்கொடுத்தார். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டில் இந்தியப் பட்டு எட்டாக்கனியாக, உள்ளூர்த் துணிக்கு இன்னும் தேவை கூடியது. பிறகு வெளிநாட்டுப் பயணிகள் மணலில் செருப்பில்லாமல் மாலை மாற்றத் தொடங்க, கோட்டில்லாத உடுப்பும் கௌரவமானதாகிவிட்டது. வெயில் நூறு வருடமாகச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஹோட்டல்காரர் சொன்னதும் கேட்டார்கள்!

ஆகவே காலிக்குப் போகிறவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஆண்களுக்குப் பருத்தி வேட்டியும் கையை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டையும் போதும். கால்சட்டைதான் வேண்டுமென்றால் மேலே ஒரு பத்திக் சட்டை. பெண்களுக்கு மருதமுனைக் கைத்தறிச் சேலை காற்றுக்கும் அடங்கும், வேர்வைக்கும் தாங்கும். கோட்டு வாடகைக்கு எடுக்கும் காசை மொய்யில் சேர்த்து எழுதிவிடுங்கள்.