ரெடிட் இருண்ட ஜூன் மாதம்: வெளிச் செயலிகளுக்குக் கதவடைத்தபோது நடந்தது என்ன?

2023ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி ரெடிட் தளத்தைத் திறந்தவர்களில் பலர் பூட்டிய கதவைத்தான் பார்த்தார்கள். நகைச்சுவை, இசை, அறிவியல், கணினி விளையாட்டு என்று எந்தக் குழுவைத் தட்டினாலும் 'இது தனிப்பட்ட குழு, அனுமதி பெற்றவர்கள் மட்டுமே பார்க்கலாம்' என்ற அறிவிப்புதான் வந்தது. 4 கோடிக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட நகைச்சுவைக் குழுவும் அதில் அடக்கம். 8,000க்கும் மேற்பட்ட குழுக்கள் அந்த இரண்டு நாள்களில் இருண்டு கிடந்தன. தளத்தை யாரும் ஊடுருவவில்லை. அந்தக் குழுக்களைச் சம்பளம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நடத்திவந்தவர்களே பூட்டைப் போட்டார்கள்.

நம்மவர்களிடையே பேஸ்புக், வாட்ஸ்அப், டிக்டாக் அளவுக்கு ரெடிட் பழக்கமில்லை. ஆனாலும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அங்கே தனிக் குழுக்கள் உண்டு. வீட்டுக் கடன், இபிஎஃப் சேமிப்பு, வேலை மாற்றம் பற்றியெல்லாம் இளையோர் அங்கே பெயர் சொல்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கூகலில் எதையாவது தேடும்போது பின்னால் 'ரெடிட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் போடும் பழக்கமும் பலருக்கு உண்டு. விளம்பரக்காரர் எழுதியதை அல்ல, பயன்படுத்திப் பார்த்த மனிதர் சொன்னதைப் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான். குழுக்கள் பூட்டிக் கிடந்த நாள்களில் அந்தத் தேடல்களும் பூட்டிய பக்கங்களில் போய் முட்டின.

ரெடிட் 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்த ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஒஹானியன் இருவரும் தொடங்கியவர்கள். ஒவ்வொரு குழுவையும் வாட்ஸ்அப் குழுவின் அட்மினைப் போல ஒரு சிலர் கவனித்துக்கொள்வார்கள். மோசடி விளம்பரத்தை நீக்குவது, வசைபாடுபவரை வெளியேற்றுவது, விதிகளை எழுதுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர், தொண்டூழியர்கள். 2022ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த உழைப்புக்கு விலை போட்டுப் பார்த்தார்கள். நாளொன்றுக்குக் குறைந்தது 466 மணி நேர வேலை, ஆண்டுக்குக் குறைந்தது 34 லட்சம் அமெரிக்க டாலர் என்று கணக்கு வந்தது.

சண்டைக்குக் காரணமான பொருளின் பெயர் ஏபிஐ. ஒரு கடையின் பின்பக்கச் சன்னல் என்று அதை நினைத்துக்கொள்ளலாம். முன்வாசல் வழியாக வருபவர்கள் ரெடிட்டின் சொந்தப் பக்கத்தையும் அதிலுள்ள விளம்பரங்களையும் பார்ப்பார்கள். பின்பக்கச் சன்னலில் மற்ற மென்பொருள்கள் வந்து நின்று, 'இந்தக் குழுவின் புதிய பதிவுகளைக் கொடு', 'இந்தக் கருத்தைச் சேர்த்துக்கொள்' என்று கேட்கும். சன்னலில் கேட்பது ஒவ்வொன்றும் ஒரு கோரிக்கை. பயனர் திரையை உருட்டினாலும், ஒரு பதிவைத் திறந்தாலும் கோரிக்கை எண்ணிக்கை ஏறும். பல ஆண்டுகளாக இந்தச் சன்னல் இலவசமாகத் திறந்திருந்தது.

இலவசமாகத் திறந்துவிட்டதில் ரெடிட்டுக்கும் லாபம் இருந்தது. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் தன் பெயரிலேயே ஒரு செயலியை அது வெளியிட்டது 2016இல்தான். அதற்கு முன் கைப்பேசியில் ரெடிட் படித்தவர்கள் பெரும்பாலும் வெளியார் எழுதிய செயலிகளில்தான் படித்தார்கள். அவற்றில் பிரபலமாக இருந்த ஏலியன் புளூ என்ற செயலியை 2014இல் ரெடிட்டே விலைக்கு வாங்கியது. பின்னர் 2017இல் கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் செலிக் என்ற இளைஞர் அப்பல்லோ என்ற ஐபோன் செயலியை வெளியிட்டார். வேகம், சுத்தமான வடிவம், விளம்பரமின்மை என்று பலருக்கு அது பிடித்துப்போனது. ஆண்ட்ராய்டில் ரெடிட் இஸ் ஃபன், சிங்க், பேக்கன்ரீடர் போன்றவை இருந்தன.

2023 ஏப்ரலில், ஏபிஐக்குக் கட்டணம் வரப்போகிறது என்று ரெடிட் அறிவித்தது. அது சொன்ன காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களை உருவாக்கும் பெருநிறுவனங்கள், ரெடிட்டில் மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான உரையாடல்களைப் பயிற்சிக்காக அள்ளிக்கொண்டிருந்தன. இவ்வளவு மதிப்புள்ள பொருளை உலகின் பெரிய நிறுவனங்களுக்கு ஏன் சும்மா கொடுக்கவேண்டும் என்று ஹஃப்மன் கேட்டார். வெளிச் செயலிகளைப் பயன்படுத்துவோர் ரெடிட்டின் விளம்பரங்களைப் பார்ப்பதில்லை, ஆனால் செலவு மட்டும் தன் தலையில் விழுகிறது என்பதும் நிறுவனத்தின் வாதம். செலிக் உட்பட செயலி எழுதியவர்கள் பலர், நியாயமான கட்டணம் என்றால் கட்டுகிறோம் என்றே சொன்னார்கள்.

மே மாத இறுதியில் விலை தெரிந்தபோதுதான் விஷயம் வெடித்தது. 1,000 கோரிக்கைக்கு 24 அமெரிக்க சென். கேட்கச் சிறிய தொகைதான். ஆனால் அப்பல்லோ அதற்கு முந்தைய மாதத்தில் 700 கோடி கோரிக்கைகளை அனுப்பியிருந்தது. அந்தக் கணக்கில் மாதத்துக்கு சுமார் 17 லட்சம் டாலர், ஆண்டுக்கு 2 கோடி டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 9 கோடி ரிங்கிட். ஒரு தனிமனிதர் நடத்திய செயலிக்கு வந்த பில் இது. படங்களைச் சேமிக்கும் இம்கர் தளம் 5 கோடி கோரிக்கைக்கு வாங்குவது 166 டாலர், அதே எண்ணிக்கைக்கு ரெடிட் கேட்பது 12,000 டாலர் என்று செலிக் ஒப்பிட்டுக் காட்டினார்.

விலையைவிட அவரை இடித்தது கால அவகாசம். ஜூலை 1 முதல் கட்டணம். அதாவது 30 நாள். அப்பல்லோவுக்கு ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களிடம் வாங்கிய பழைய சந்தா, புதிய கட்டணத்துக்குப் போதாது. அவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க மட்டுமே சுமார் 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தேவைப்படும் என்று அவர் கணக்குச் சொன்னார். ஜூன் 8ஆம் தேதி, மாத இறுதியில் அப்பல்லோவை மூடுவதாக அறிவித்தார்.

அதே நேரத்தில் இன்னொரு தகராறும் வெளியே வந்தது. செலிக் தங்களை மிரட்டிப் பணம் கேட்டார் என்று ரெடிட் தரப்பில் ஒரு பேச்சு பரவியது. அவர் அந்தத் தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவையே வெளியிட்டார். அப்பல்லோ உங்களுக்கு ஆண்டுக்கு 2 கோடி டாலர் இழப்பு என்றால், பாதி விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்களேன் என்று அவர் பாதி விளையாட்டாகச் சொன்னதும், அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டவர் உடனே அது தவறான புரிதல் என்று ஒப்புக்கொண்டதும் அதில் பதிவாகியிருந்தன. கனடாவில் உரையாடும் இருவரில் ஒருவர் சம்மதித்தால் பதிவு செய்வது சட்டப்படி செல்லும். ஜூன் 9ஆம் தேதி ஹஃப்மன் பயனர்களின் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வந்தபோதும் அவர் இறங்கிவரவில்லை. இந்த இரண்டு நாள்களில்தான் விலைப் பிரச்சினை நம்பிக்கைப் பிரச்சினையாக மாறியது.

மிகவும் அஞ்சியவர்கள் பார்வையற்றவர்கள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதியோடு ரெடிட்டின் சொந்தச் செயலி சரியாக ஒத்துப்போகவில்லை என்பது அவர்களுடைய நீண்ட நாள் புகார். வெளிச் செயலிகள் சில அதைச் சரியாகச் செய்திருந்தன. படமாகப் போடப்பட்ட பதிவுகளில் என்ன இருக்கிறது என்று பார்வையற்றோருக்காக எழுத்தில் தட்டிக்கொடுக்கும் ஒரு தொண்டூழியர் குழுவும் அங்கே இருந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு ரெட்ரீடர், டிஸ்டோபியா, லூனா என்ற மூன்று செயலிகளுக்கு ரெடிட் கட்டண விலக்கு அளித்தது. லாபநோக்கம் இல்லாதவை என்பது நிபந்தனை. படங்களை எழுத்தாக்கி வந்த குழுவோ மாத இறுதியோடு தன் வேலையை நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டது.

குழுக்களைப் பூட்டும் போராட்டம் ரெடிட்டுக்குப் புதிதல்ல. 2015 ஜூலையில், குழு நடத்துபவர்களோடு இணைந்து வேலை செய்த ஊழியர் ஒருவர் திடீரென நீக்கப்பட்டபோது பெரிய குழுக்கள் பல மூடப்பட்டன. அப்போதைய இடைக்காலத் தலைவர் எலன் பாவ் சில நாள்களில் பதவி விலகினார். அவருக்குப் பதிலாக வந்து அமர்ந்தவர்தான் ஹஃப்மன். கிளர்ச்சியின் காற்றில் நாற்காலிக்கு வந்தவருக்கு எட்டு ஆண்டு கழித்து அதே காற்று எதிர்த்திசையில் வீசியது.

இம்முறை நிறுவனம் அசையவில்லை. இதுவும் கடந்து போகும் என்ற பொருளில் ஹஃப்மன் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு வெளியே கசிந்தது. 48 மணி நேரம் என்று முன்கூட்டியே முடிவுத் தேதி சொல்லிவிட்டுத் தொடங்கிய போராட்டம் அது. முடியும் நாள் தெரிந்த வேலைநிறுத்தத்தை எந்த முதலாளியும் பொறுத்திருந்து பார்ப்பான். சில குழுக்கள் காலவரையின்றிப் பூட்டியே வைத்தன. அப்போது, திறக்காவிட்டால் உங்களை நீக்கிவிட்டு வேறு ஆளை வைப்போம் என்று குழு நடத்துபவர்களுக்குத் தகவல் போனது. நிறுவனத்தின் தளம், நிறுவனத்தின் விதி.

பேட்டி ஒன்றில் ஹஃப்மன் அவர்களை நிலவுடைமைப் பிரபுக்களோடு ஒப்பிட்டார். முதலில் வந்து இடம்பிடித்தவர்கள், யாரும் அசைக்க முடியாதபடி அமர்ந்திருக்கிறார்கள் என்பது அவர் குறை. கிராண்ட் யார் கையில் இருந்தது என்று பார்த்தால் அந்த உவமை தலைகீழ். தோட்டத்து வீட்டில் மூன்று தலைமுறை இருந்து, முற்றத்தில் மரம் நட்டு வளர்த்தவர்களுக்கு, நிலம் கைமாறிய அன்று அந்த மரத்தின் மேல் என்ன உரிமை இருந்தது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மிரட்டலுக்குப் பிறகு போராட்டம் கேலியாக மாறியது. படங்களுக்கான மிகப் பெரிய குழு வாக்கெடுப்பு நடத்தி, இனி நகைச்சுவை நிகழ்ச்சி நடத்துநர் ஜான் ஆலிவரின் படங்களை மட்டுமே போடலாம் என்று விதி எழுதியது. ஆலிவரே தன் படங்கள் சிலவற்றை அனுப்பி உதவினார். வேறு சில குழுக்கள் தங்களை வயதுவந்தோருக்கு மட்டுமானவை என்று அடையாளமிட்டுக்கொண்டன. அத்தகைய பக்கங்களில் விளம்பரம் போட முடியாது என்பதே நோக்கம். விளம்பரத்தில் கைவைத்ததும் நிறுவனம் வேகமாக இயங்கியது. பெரிய குழு ஒன்றை நடத்திவந்தவர்கள் பொறுப்பிலிருந்து தூக்கப்பட்டார்கள்.

ஜூன் 30ஆம் தேதி அப்பல்லோவும் சிங்க், பேக்கன்ரீடர், ரெடிட் இஸ் ஃபன் ஆகியவையும் நின்றன. நார்வால், ரிலே போன்ற சில செயலிகள் மாதச் சந்தாவுக்கு மாறித் தப்பின. பயனர்களில் ஒரு பகுதியினர் லெம்மி போன்ற, யாருக்கும் தனியுடைமை இல்லாத தளங்களுக்குப் போனார்கள். பெரும்பாலோர் போகவில்லை. பூட்டிய குழுக்களும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

ரெடிட் மட்டும் இப்படிச் செய்ததாக எண்ணவேண்டாம். அதே ஆண்டு ஜனவரியில், இலோன் மஸ்க் வாங்கிய சில மாதங்களில் டுவிட்டர் தளம் டுவீட்பாட், டுவிட்டரிஃபிக் போன்ற செயலிகளை ஒரே இரவில் துண்டித்தது. அங்கே 30 நாள் அவகாசமும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. செயலி வேலை செய்யாமல் நின்ற பிறகுதான் விதி திருத்தி எழுதப்பட்டது. டுவிட்டருக்கு நீலப் பறவையும் 'டுவீட்' என்ற சொல்லும் அடையாளமாவதற்கு முன்பே அவற்றைப் பயன்படுத்தியது டுவிட்டரிஃபிக்தான்.

2024 மார்ச் 21ஆம் தேதி ரெடிட் நியூயார்க் பங்குச் சந்தையில் இறங்கியது. அதற்கு முன் தாக்கல் செய்த ஆவணத்தில், பயனர்கள் எழுதிய உள்ளடக்கத்தைப் பயன்படுத்த மற்ற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் 20 கோடியே 30 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லியிருந்தது. பின்பக்கச் சன்னலுக்கு விலை போட்டதன் பலன் அது. குழுக்களைக் கட்டிக்காத்தவர்களையும் நிறுவனம் மறக்கவில்லை. தளத்துக்கு அதிகம் பங்களித்த பயனர்களும் குழு நடத்துபவர்களும், முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட அதே 34 டாலர் விலையில் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டுப் பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அழைப்பு அனுப்பியது.