செப்புத்தகட்டில் ஊதாரி மைந்தன்

லூக்காவின் நற்செய்தி கூறும் ஊதாரி மைந்தன் கதை மேனாட்டு ஓவியர் பலரைக் கவர்ந்தது. தன் பங்கைப் பெற்றுச் சென்று, அதனை அழித்து, பன்றி மேய்த்துப் பசியால் வாடித் தந்தையிடம் மீள்கின்றான் இளைய மகன். றெம்பிராண்ட் 1636இற் பொறித்த சித்திரத்தில் அச்சந்திப்பு வீட்டு வாயிற்படியில் நிகழ்கின்றது. பிரெஞ்சு ஓவியர் ழான் லூயி ஃபொரேன் (1852–1931) 1909இல் அதனை வெட்டவெளிக்குக் கொண்டு சென்றார். அங்கே மண்டியிட்ட மகன். அவன்மீது கவிந்து அணைக்குந் தந்தை. மூலக் கதைக்கு இதுவே பொருத்தம். மகனைத் தொலைவிற் கண்டதுமே தந்தை ஓடிச் சென்றான் என்றன்றோ அந்நூல் கூறுகின்றது!

மெழுகு பூசிய செப்புத்தகட்டில் ஊசியாற் கீறி அமிலத்தில் இட்டால், கீறிய இடம் மாத்திரம் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அதில் மை நிரப்பித் தாளில் அழுத்தி அச்சிடுவர். பிழையை அழித்தல் எளிதன்று. ஃபொரேனோ பத்திரிகைகளுக்கு விரைந்து வரைந்து பழகியவர். சில கோடுகளிலேயே தளர்ந்த உடலின் பாரத்தைக் காட்டிவிடுகின்றார்.

அக்கை வேறொன்றுக்கும் பயன்பட்டது. ட்ரைஃபுஸ் என்னும் யூத இராணுவ அதிகாரி, செருமனிக்கு இரகசியம் விற்றார் எனப் பொய்க் குற்றஞ் சாட்டப்பெற்று 1894இல் தண்டிக்கப்பட்டார். அவர் சார்பாக எமில் சோலா 1898 சனவரி 13இல் திறந்த மடலொன்றை வெளியிட்டார். அடுத்த மாதமே ஃபொரேனும் கரன் தாஷ் என்ற ஓவியரும் 'ப்ஸ்ட்' என்னும் கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினர். 1899 செப்டெம்பர் வரை 85 இதழ்கள் வெளிவந்தன. ட்ரைஃபுஸ் கட்சியினரையும் யூதரையும் இழிவுபடுத்துவதே அவ்விதழின் தொழிலாயிருந்தது. ட்ரைஃபுஸ் குற்றமற்றவர் என 1906இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

மூன்றாண்டின் பின் தோன்றிய இச்சித்திரத்தை ஃபொரேன் தேடிய கழுவாய் எனக் கொள்ளத் தோன்றும். 1900ஆம் ஆண்டளவில் அவர் கத்தோலிக்க சமய வாழ்வுக்கு மீண்டமையும் அவ்வெண்ணத்திற்குத் துணையாகும். ஆயினும் அம்முடிவு பொருந்தாது. கோவிலுக்கு மீளுதல் வேறு. பிறர்க்கு இழைத்த அநீதியை ஒப்புதல் வேறு. கதையைச் சொன்னவரும் யூதர், கேட்டோரும் யூதர் என்பதை ஃபொரேனின் அன்பர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

சித்திரத்தின் இரக்கம் பொய்யென்று சொல்வதற்குமில்லை. அதே ஆண்டுகளில் ஃபொரேன் நீதிமன்றக் காட்சிகளையும் செப்பிற் பொறித்தார். அவற்றிலே கண்ணைப் பற்றுவோர் நீதிபதிகளல்லர். குற்றஞ் சாட்டப்பட்டு நிற்கும் ஏழைகளும் அவர்தம் மனைவி மக்களுமே.