எழுதப்பட்ட ஊரும் எழுத வந்த பிள்ளையும்

வடக்கே ஒரு வேங்கடம் உண்டு. தமிழகத்தின் எல்லையெனப் பழம் பாயிரம் வகுத்த மலை. அதன் பெருமையை நாம் சொல்லத் தேவையில்லை, உண்டியல் சொல்லும். தெற்கே ஒரு திருவேங்கடம் உண்டு. சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, வானம் பார்த்த கரிசல் மண்ணிலே, மழை பெய்தால் பயிர், பெய்யாவிட்டால் தீப்பெட்டி என்று காலந்தள்ளும் வட்டாரத்திலே அமைந்த சிற்றூர். அங்கிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். சென்னையிலே, கடற்கரை ஓரத்திலே, சிசம் என்ற வெள்ளைக்காரச் சிற்பி வகுத்துத் தந்து 1879-இல் கட்டி முடிந்த செனட் மண்டபத்தோடு நிற்கிறது சென்னைப் பல்கலைக் கழகம். இந்த ஊரிலிருந்து அந்த மண்டபம் சென்று, பட்டத்திற்கும் மேற்பட்ட படிப்புப் படிக்க ஒரு பிள்ளை எத்தனை காலம் காத்திருக்க நேர்ந்தது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

வேடிக்கை ஒன்று உண்டு, தோழர்களே! திருவேங்கடத்துப் பிள்ளைகள் பல்கலைக் கழகத்தைத் தேடிச் செல்லுமுன், பல்கலைக் கழகமே அந்தப் பக்கம் வந்து போயிற்று. 1915-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார் கில்பர்ட் சிலேட்டர் என்ற ஆங்கிலேயர். ஆக்ஸ்போர்டிலே, சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்காக அல்ல, தொழிலாளர்களுக்கென்றே நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் அவர். ஏட்டிலே உள்ள பொருளாதாரத்தை மட்டும் படித்துவிட்டு இந்தியாவைப் பற்றிப் பேசலாகாது என்று கருதிய அவர், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் கையிலே கேள்விப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். நிலம் யாருடையது, உழுபவன் யார், கூலி என்ன, கடன் எவ்வளவு, உண்பது என்ன — இவற்றைத் தத்தம் ஊரிலே கேட்டறிந்து எழுதுக என்றார். 1916-இல் தொடங்கிய அந்த வேலை, தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக 1918-இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான். மற்றொன்று, திருவேங்கடத்துக்கு வடக்கே, சிவகாசி வட்டாரத்து வடமலாபுரம். அதே கரிசல், அதே வானம்.

இந்தச் சிலேட்டரைத் திராவிட இயக்கத்தார் மறக்கலாகாத மற்றொரு காரணமும் உண்டு. இந்தியப் பண்பாட்டிலே திராவிடக் கூறு எது என்று தனி நூலே எழுதி 1924-இல் வெளியிட்டவர் அவர். பொருளாதாரம் கற்பிக்க வந்த வெள்ளையர், கூலி என்ன என்று விசாரிக்கப் புறப்பட்டு, இந்த மண்ணின் மக்கள் யார் என்ற கேள்வி வரை சென்றார்!

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலேட்டரின் கேள்விப் பட்டியலை ஊருக்கு எடுத்துச் சென்றவன், பெரும்பாலும் நிலமும் எழுத்தும் ஏற்கெனவே உடைய வீட்டுப் பிள்ளை. பட்டியலுக்கு விடை சொன்னவனோ பண்ணையிலே கூலி வாங்கியவன். ஒருவன் எழுதினான், மற்றவன் எழுதப்பட்டான். எழுதப்பட்டவனுடைய மகன் என்றைக்கு எழுதுகோல் பிடித்து அந்தப் பட்டியலைத் தானே வகுப்பான்? பல்கலைக் கழக வரலாற்றிலே நமக்கு வேண்டுவது இக் கேள்விக்கு விடைதான்.

தொடக்கத்தைப் பார்ப்போம். சென்னையிலே உயர்கல்விக்கு வழி வேண்டும் என்று 70,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் 1839 நவம்பரில் ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் அளிக்கப்பட்டது. பல்கலைக் கழகம் பிறக்கப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1857 செப்டம்பர் 5-ஆம் நாள், வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே ஆண்டிலே, சட்டம் பிறந்தது. இலண்டன் பல்கலைக் கழகத்தைப் பார்த்து வார்த்த அச்சு அது. பாடம் சொல்லிக் கொடுக்காது. தேர்வு வைக்கும், பட்டம் வழங்கும். முதற் பட்டதாரிகளாக வந்த இருவருமே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அவருள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை, ஆங்கிலத்திலே தேறிய அறிவைக்கொண்டு செல்லரித்த ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்துப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார் என்பது நமக்கு ஆறுதல். ஆனால் எம்.ஏ. படிப்பதென்றால் அன்று விரல்விட்டு எண்ணத்தக்க கல்லூரிகளே துணை; ஆராய்ச்சி என்றாலோ ஆளுமில்லை, துறையுமில்லை. 1904-ஆம் ஆண்டின் பல்கலைக் கழகச் சட்டம் வந்த பிறகே, தேர்வு நடத்தும் அலுவலகமாக இருந்தது பேராசிரியர்களை வைத்துக்கொள்ளும் கல்விக்கூடமாக மாறும் உரிமை பெற்றது. சிலேட்டர் வந்ததும் அந்த வழியாகத்தான்.

அந்த நாளிலே யார் படித்தார்கள்? 1916 டிசம்பரில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை, மாகாணத்தின் 4 கோடியே 15 லட்சம் மக்களில் 4 கோடிக்குக் குறையாதோர் பிராமணரல்லாதார் என்று சுட்டியது. பட்டம் பெற்றோர் கணக்கோ தலைகீழ். 1901 முதல் 1911 வரை சென்னைப் பல்கலைக் கழகத்திலே பட்டம் பெற்ற பிராமணர் 4,074 பேர். பிராமணரல்லாத இந்துக்கள் 1,035 பேர். இளநிலைப் பட்டத்திலேயே இந்த நிலை என்றால், அதற்கு மேலே ஏறியவர் எத்தகையோர் என்பதை ஊகிக்கப் பெரிய கணிதம் வேண்டியதில்லை.

அறிவில்லாமல் அல்ல, தங்க இடமில்லாமல்! தென்கோடியிலிருந்து மூட்டையுடன் சென்னை வந்திறங்கும் பிராமணரல்லாத மாணவனுக்கு உண்ணவும் உறங்கவும் இடந்தர மறுத்த விடுதிகள் இருந்தன. சாதி கேட்டே இலை போட்ட காலம். இதைக் கண்டு மனம் பொறாத டாக்டர் சி. நடேச முதலியார், 1910-களின் நடுவிலே திருவல்லிக்கேணியில் ‘திராவிட இல்லம்’ என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியாரும், அண்ணாமலைப் பல்கலைக் கழகத் துணைவேந்தரான டி. எம். நாராயணசாமிப் பிள்ளையும் அங்கே தங்கிப் படித்தவர்கள். ஒரு கூரையும் ஒருவேளைச் சோறும் சாதித்ததைப் பாருங்கள். இயக்க வரலாறு எழுதுவோர் மாநாடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். அந்த விடுதிக்கு நான்கு வரி ஒதுக்குவதோடு நிறுத்திக்கொள்கின்றனர். நமக்கு அது சரியாகப் படவில்லை.

இங்கே இன்னொரு நிகழ்ச்சியையும் நினைவுகூர வேண்டும். எஃப்.ஏ. தேர்விலே தவறிய, பட்டமே பெறாத ஓர் இளைஞருக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை வழங்கியது. முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற விதி தளர்த்தப்பட்டது. அவர்தாம் கணித மேதை இராமானுசன். துறைமுக அலுவலகத்திலே எழுத்தராக இருந்த ஏழை. விதியைத் தளர்த்தியது பல்கலைக் கழகம் செய்த நற்செயல்களுள் ஒன்று என்றே சொல்வோம். அதிலே குறை காண்பது சிறுமை. ஆனால், பட்டம் இல்லாவிட்டாலும் அறிவு இருக்கலாம் என்று ஒருவர் பொருட்டு ஒப்புக்கொண்டவர்கள், மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் அறிவு இருக்கலாம் என்று ஓராயிரம் பேர் பொருட்டுக் கேட்டபோது மட்டும் ‘தகுதி போயிற்று, திறமை போயிற்று’ என்று கூக்குரலிட்டார்களே, அது ஏன்?

அந்தக் கூக்குரலுக்கு நடுவேதான் கதவு திறந்தது. நீதிக் கட்சி ஆட்சியிலே, ஏ. பி. பாத்ரோ கல்வி அமைச்சராக இருந்தபோது வந்தது 1923-ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக் கழகச் சட்டம். கற்பித்தலும் ஆராய்ச்சியும் பல்கலைக் கழகத்தின் நேரடிக் கடமைகளாயின. கல்லூரிகளிலே ஆனர்சு வகுப்பு வேரூன்றிற்று. ஆனர்சு தேறியவருக்குப் பின்னர் எம்.ஏ. பட்டமும் கிட்டும். காஞ்சி நெசவாளர் குடியிலே பிறந்த அண்ணா, பச்சையப்பன் கல்லூரியில் 1934-இல் ஆனர்சு தேறினார். நெசவாளர் நிறைந்த சங்கரன்கோவிலுக்கு இதன் பொருள் தனியே விளங்கும். நாடு விடுதலை பெற்றபின், கல்லூரியில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதித்திராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்ற பங்கீடு நடைமுறையில் இருந்தது. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் நீதிமன்றம் சென்றார். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாதவர் அவர்! 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது, பெரியாரும் தி.மு. கழகத்தாரும் கிளர்ந்தனர், இரண்டே மாதத்தில், 1951 சூனில், அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இடப்பங்கீடு 69 விழுக்காடாக வளர்ந்து, 1993-இல் தனிச் சட்டமாகி, 1994-இல் ஒன்பதாம் அட்டவணையிலே காப்புப் பெற்றது.

சட்டம் திறந்த கதவுக்கும் திருவேங்கடத்துக்கும் நடுவே 600 கிலோமீட்டர் அப்படியே கிடந்ததே, அதற்கென்ன வழி? விருதுநகர்–தென்காசி இருப்புப் பாதை 1927-இல்தான் வந்தது. அதுவரை சங்கரன்கோவிலுக்கு இரயிலே இல்லை. 1929-இல் சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எழுந்தது. நெடுஞ்செழியனும் அன்பழகனும் தமிழ் முதுகலை பயின்று வெளிவந்தது அங்கிருந்து. எனினும் நெல்லைச் சீமைக் கல்லூரிகளுக்குத் தாய் சென்னைப் பல்கலைக் கழகமே. 1966-இல் மதுரைப் பல்கலைக் கழகம் தோன்றித் தொலைவைக் குறைத்தது. 1971-இல் மதுரை தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி அதனினும் பெரிய காரியம் செய்தது. மூட்டை கட்டிக்கொண்டு மாணவன் பாடத்தைத் தேடிப் போன நிலை மாறி, பாடமே தபாற்காரர் பையில் ஏறி வந்தது. 1981-இல் சென்னையும் அவ்வழியைத் தொடங்கிற்று. பகலிலே பள்ளியில் பாடம் நடத்திவிட்டு இரவிலே எம்.ஏ. படித்த ஆசிரியர்கள், பேருந்து நடத்துநர்கள், அலுவலக எழுத்தர்கள் எத்தனை பேர்! ‘தபால் எம்.ஏ.’ என்று ஏளனம் பேசினர் சிலர். 1857-இலிருந்து அரை நூற்றாண்டுக் காலம் சென்னைப் பல்கலைக் கழகமே பாடம் நடத்தாமல் தேர்வு மட்டும் வைத்த கழகம் என்பதை அவர்கள் அறியார் போலும். 1990-இல் நெல்லைக்கே ஒரு பல்கலைக் கழகம் வந்தது. அங்கே ஆசிரியப் பணியாற்றிய ‘மனோன்மணீயம்’ சுந்தரனாரின் பெயரைத் தாங்கி அபிஷேகப்பட்டியிலே நிற்கிறது. இன்று திருவேங்கடத்திலிருந்து காலையிலே புறப்பட்டு, வகுப்பு முடித்து, மாலையிலே வீடு திரும்பலாம்.

ஆனாலும் பெரிய ஆராய்ச்சி நூலகமும், சேப்பாக்கம், மெரீனா, கிண்டி, தரமணி என்று நான்கு வளாகங்களிலே பரந்த துறைகளும் சென்னையிலேதான். கல்வெட்டு, மானிடவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என்று ஊரிலே பெயரும் கேட்டிராத படிப்புகளைத் தேடிப் பிள்ளைகள் அங்கே செல்கின்றனர். செல்லத்தான் வேண்டும்.

வடமலாபுரத்தைப் பல்கலைக் கழகம் மறக்கவில்லை. 1936–37-இல் பேராசிரியர் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருட்டிணனும் சிலேட்டரின் ஊர்களை மீண்டும் ஆராய்ந்து, 1940-இல் நூலாக்கினர். 1980-களிலே ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் சென்றனர். கூலி மாறியிருந்தது; கிணறு மாறியிருந்தது; கழனி விட்டுத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போன கைகள் பெருகியிருந்தன. மூன்று தலைமுறையாக விடை சொல்லி வந்த வீடுகளிலே இன்று பட்டதாரிகள் உண்டு. அவர்களுள் அடுத்த ஆய்வை எழுதப் போகிறவர் யார் என்பதுதான் இப்போதைய கேள்வி. ஆய்வு எழுத இளநிலைப் பட்டம் போதாது.

2022 செப்டம்பர் 5-ஆம் நாள், பல்கலைக் கழகச் சட்டம் பிறந்து சரியாக 165 ஆண்டுகள் நிறைந்த நாளிலே, தமிழக அரசு புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலே படித்த பெண் கல்லூரி சென்றால் மாதம் 1,000 ரூபாய். தீப்பெட்டிக் குச்சி அடுக்கிய கைகளுக்குப் புத்தகம் தந்த திட்டம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், தொடங்கியபோது வகுத்த விதிப்படி அந்த உதவி இளநிலைப் பட்டம் முடியும் வரைக்கும்தான். பட்டத்தைக் கையில் வாங்கிய திருவேங்கடத்துப் பெண், எம்.ஏ. படிக்கச் சேப்பாக்கத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு வீட்டுத் திண்ணையிலே உட்காரும்போது, அவள் தாய் கேட்பது நடேச முதலியார் காலத்துக் கேள்விதான்: “அவ்வளவு தூரம் போய் எங்கே தங்குவே? சாப்பாட்டுக்கு யார் கட்டுவா?”